நாலு மாரியாயி

1981-இல் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபிஸில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்தேன். முதல் மாதச் சம்பளக் கணக்கிலேயே ஒரு மாரியாயியின் மூன்று நாள் பேரை இன்னொரு மாரியாயியின் வரிசையில் எழுதிவிட்டேன். எங்கள் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், நாலு மாரியாயி இருந்தார்கள். மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேரையும் பார்த்து வளர்ந்த சனம் பெண்பிள்ளைக்கு வைக்கும் பெயர் அது. முழு நாள் வேலைக்கு ஒரு பேர், கொழுந்து குறைந்தால் அரைப்பேர் என்று எண்ணிச் சம்பளம் வாங்கிய காலத்தில் மூன்று பேர் தவறுவது ஒரு வீட்டு அரிசி தவறுவதற்குச் சமம். சம்பள நாளன்று அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று கையிலிருந்த காசை இரண்டு முறை எண்ணினார். ஒன்றும் பேசாமல் மூன்றாம் முறையும் எண்ணினார்.

பெரிய கிளாக்கர் ஐயா என்னை ஏசவில்லை. செக்ரோலைத் திருப்பி என் முன்னால் வைத்து, இடது ஓரத்தில் இருந்த இலக்கங்களை விரலால் தொட்டுக் காட்டினார். "பேரப் பாத்து எழுதாத தம்பி. நம்பரப் பாத்து எழுது. பேரு நாலு பேருக்கு இருக்கும், நம்பரு ஒராளுக்குத்தான்."

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் செத்துப்போனாலும் அவருடைய இலக்கத்தை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார். சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து அப்படியே விட்டுவிடுவார். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து நூற்றுக்கு 8, தோட்டத்திலிருந்து நூற்றுக்கு 12 என்று மாதாமாதம் போகிறது. பத்து வருடம் கழித்து ஒரு பிள்ளை வந்து அப்பாவின் காசைக் கேட்டால் அந்த இலக்கத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பார்.

அந்தச் செக்ரோல் புத்தகத்தை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். மேசையை முழுக்க அடைக்கும் அகலம். இடப்பக்கம் இலக்கமும் பெயரும். பிறகு 1 முதல் 31 வரை நாள் கட்டங்கள். வலப்பக்கம் மொத்தப் பேர், சம்பளம், அதற்கப்பால் பிடிப்புகள்: சேமலாப நிதி, தீபாவளி அட்வான்ஸ், அரிசி மா, சங்கச் சந்தா, கோயில் காசு. ஒவ்வொரு வரிசையையும் குறுக்கே கூட்டி, ஒவ்வொரு நிரலையும் நெடுக்கே கூட்டி, இரண்டு மொத்தமும் வலது மூலைக் கட்டத்தில் ஒன்றாக வந்து சேர வேண்டும். ஐந்து சதம் பிசகினாலும் திரும்ப முதலிலிருந்து கூட்டுவோம். மாதக் கடைசியில் நாலு இரவு லாம்பு வெளிச்சத்தில் அதுதான் வேலை.

நாங்கள் அப்படிப் பென்சிலால் கூட்டிக்கொண்டிருந்தபோது விசிகால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருள் வெளிவந்து இரண்டு வருடமாகியிருந்தது. ஹார்வர்டில் படித்த டான் பிரிக்லின், கரும்பலகையில் ஒரு எண்ணைத் திருத்தினால் அதைத் தொட்ட எல்லா எண்ணையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைப் பார்த்து நினைத்த விஷயம் அது. நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் 1979-இல் கொண்டுவந்தார். அவர் கண்ட கஷ்டமும் எங்கள் கஷ்டமும் ஒன்றுதான். அந்தச் செய்தி எங்கள் மலைக்கு வந்து சேரத்தான் இருபது வருடம் பிடித்தது.

1992-இல் அரசாங்கத் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. அதற்கு இரண்டு வருடம் கழித்து நான் மாத்தளை டவுனுக்கு இறங்கி ஒரு பலசரக்கு வாசனைப்பொருள் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தேன். எல்கடுவ, உக்குவளை, ரத்தோட்டைப் பக்கமிருந்து சனம் மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ எல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டு வரும். மிளகைக் கையில் அள்ளி ஊதிப் பார்த்து, ஒரு லீற்றர் அளவையில் கொட்டி எத்தனை கிராம் நிற்கிறது என்று நிறுத்து, ஈரத்துக்குக் கழித்து, விலை பேசுவார் முதலாளி. காய்க்கும் முன்பே அட்வான்ஸ் வாங்கும் குடும்பங்களும் உண்டு.

2000-இல் கம்பியூட்டர் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு ஆலோசகரை முதலாளி வரவழைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மெஷின் வாங்கப் போகிறீர்கள் என்பது. எக்ஸெலில் அழகான நிறங்களோடு ஒரு ஃபைல் செய்து கொடுத்தார். மாதத்துக்கு ஒரு ஷீட். தோட்டத்தில் நாலு இரவு பிடித்த மாதிரியான வேலை ஒரு பின்னேரத்தில் முடிந்தது. நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன். கூட்டலைத் தூக்கிச் சுமந்த தோள் அந்தச் சுமை இறங்கியதை மறக்காது.

ஆனால் அவர் இலக்கம் போடவில்லை. பெயரைத்தான் போட்டார். எங்கள் நாட்டில் அப்போது தமிழைப் பாமினி எழுத்துருவில் அடிப்போம். அதில் 'அ' இருப்பது ஆங்கில 'எம்' சாவியில், 'ம' இருப்பது 'கே' சாவியில். கம்பியூட்டர் உள்ளே பிடித்து வைத்திருப்பது அந்த ஆங்கில எழுத்தைத்தான். ஆகவே பெயர்களை வரிசைப்படுத்தச் சொன்னால் மாரிமுத்து முன்னால் வருவார், அருணாசலம் பின்னால் போவார். பாமினி இல்லாத மெஷினில் திறந்தால் மனிதர்களே காணாமல்போய் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் நிற்கும். இது தொல்லை என்று அவர் பெயர்களை ஆங்கிலத்துக்கு மாற்றச் சொன்னார். அதில் ஒரே ஆளை நான் ஒரு விதமாக எழுதினேன், சிங்களப் பிள்ளை இன்னொரு விதமாக எழுதினாள், முதலாளியின் மகன் முதலெழுத்தைச் சேர்த்து வேறொரு விதமாக எழுதினான். பிறகு அதையே டேட்டாபேஸாக மாற்றித் தந்தார்கள். பிழையும் சேர்ந்து மாறியது.

எல்கடுவப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்றபோது கிடைத்த காசில் கால் ஏக்கர் வாங்கி, நிழல்மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியவர். ஒரு பருவத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தார். அடுத்த பருவத்தில் இரண்டு சாக்கு மிளகு கொண்டுவந்து கழித்தார். அட்வான்ஸ் ஏறியது ஆங்கிலத்தில் ஒரு 'ஏ' கூடிய ராமையாவின் பேரில். மிளகு ஏறியது அந்த 'ஏ' இல்லாத ராமையாவின் பேரில். கம்பியூட்டருக்கு அவர் இரண்டு ஆள். ஒருவர் கடன்காரர், மற்றவர் காசு வாங்காமல் போன மனிதர். மூன்றாம் முறை அவர் வந்தபோது கடை நிறைய ஆள். திரையைப் பார்த்து, "ஐயா, நீங்க இன்னும் பழைய அட்வான்ஸ் கட்டல்ல" என்று நான்தான் சொன்னேன். அவர் மடியில் பற்றுச்சீட்டுத் துண்டைத் தேடினார், கிடைக்கவில்லை. சாக்கைத் தோளில் திரும்பத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கணக்கெழுதியவன் நான். இந்த ஒன்றை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கும்.

2018-இல் இன்னொரு ஆலோசகர் வந்தார். தோட்டத்து லயத்தில் பிறந்த ஒரு தாயின் மகள், படித்துவிட்டுச் சின்ன வியாபாரங்களுக்குக் கணக்கு ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் பிள்ளை. இரண்டு நாள் மடிக்கணினியைத் திறக்கவேயில்லை. தராசுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சாக்கு உள்ளே வருவதிலிருந்து காசு கைக்குப் போவது வரை கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் என்னிடம் கேட்டாள்: "ஐயா, ஒரே பேர்ல ரெண்டு பேர் வந்தா நீங்க எப்படி அடையாளம் காணுவீங்க?"

நாலு மாரியாயி கதையைச் சொன்னேன். சிவப்புக் கோட்டையும் சொன்னேன். அவள் பேனையை வைத்துவிட்டாள். "அதுதான் ஐயா பிரைமரி கீ. எங்களுக்கு ஒரு பாடமாவே அதைப் படிப்பிச்சாங்க." 1970-இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் என்பவர் எழுதிய கட்டுரையிலிருந்து இன்றைய டேட்டாபேஸ்களில் பெரும்பாலானவை வருகின்றன என்றாள். ஆளுக்கு ஒரு இலக்கம். ஆளின் விபரம் ஒரே ஓர் இடத்தில். மற்ற எல்லா இடத்திலும் அந்த இலக்கம் மட்டும். பெரிய கிளாக்கர் ஐயா இதைக் கேட்டிருக்க வேண்டும்.

அடையாள அட்டை எண்ணையே இலக்கமாக வைக்கலாமே என்று முதலாளியின் மகன் சொன்னான். அவள் மறுத்தாள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016-இலிருந்து பன்னிரண்டு இலக்கம். ஒரே ஆள் அட்டையை மாற்றினால் எண்ணும் மாறலாம். அந்தப் பன்னிரண்டு இலக்கத்தை எக்ஸெலில் வெறுமனே அடித்துக் காட்டினாள். அது புள்ளி வைத்துச் சுருங்கி, நடுவில் 'இ' என்ற ஆங்கில எழுத்தோடு நின்றது. அந்த நிரலை எழுத்து என்று முதலில் சொல்லிவிட்டு அடிக்க வேண்டுமாம். இத்தனை வருடம் எங்களுக்கு இதைச் சொல்ல ஆளில்லை. பிறகு, "மலையகத்துச் சனத்துல கனபேர் 1948-லிருந்து பிரஜாவுரிமை இல்லாம கிடந்தாங்க, மிச்சமிருந்தவங்களுக்கு 2003-லதானே சட்டம் வந்துச்சு. அட்டை எடுக்கப் பிந்தினவங்க இன்னும் இருப்பாங்க. அட்டை இல்லாதவங்க தோட்டத்துல மிளகு காய்க்காதா?" என்று கேட்டாள்.

கணக்குப் பார்க்க எக்ஸெல் போதும், காலத்துக்கும் பாதுகாக்க டேட்டாபேஸ் வேண்டும் என்பது அவள் கட்சி. 2020-இல் இங்கிலாந்தில் பழைய எக்ஸெல் ஃபைலில் 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாமல் 15,841 கொரோனா நோயாளிகளின் விபரம் விடுபட்ட செய்தி வந்தபோது அவளைத்தான் நினைத்தேன். பெரிய அரசாங்கங்களுக்கும் தராசடியில் முக்காலி போட்டு உட்காரும் ஆள் தேவைப்படுகிறது.

எங்கள் வேலை முடிந்து போகுமுன் அவள் தான் செய்த எல்லாவற்றையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தாள். முன்பு வந்தவர்கள் விட்டுப் போனது கடவுச்சொல் ஒன்றுதான். அவர்களுடைய போன் வேலை செய்யாத நாளில் கடையும் வேலை செய்யவில்லை. டவுனிலிருந்து வடக்கே கொஞ்சத் தூரத்தில் அலுவிகாரை இருக்கிறது. வாய்வழியாகக் காத்து வந்த திரிபிடகத்தை, மனனம் செய்த பிக்குகள் பஞ்சத்தில் செத்தால் எல்லாம் போய்விடும் என்று பயந்து, கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் ஓலையில் எழுதியது அங்கேதான் என்பது மரபு. அந்த வழியாகத் தினமும் பஸ்ஸில் போன எனக்கு, ஒரு கடையின் கணக்கறிவும் ஒரே ஆளின் தலையில் இருக்கக் கூடாது என்று அவள் கொப்பியைப் பார்த்தபிறகுதான் உறைத்தது.

இரண்டு ராமையாவையும் அவள் ஓர் இலக்கத்தில் சேர்த்தபோது மிச்சம் எங்கள் பக்கம் வந்தது. கடைதான் அவருக்குக் காசு கொடுக்க வேண்டும். கடித உறையில் போட்டு நானே பஸ் ஏறி எல்கடுவவுக்குப் போனேன்.

பெரியவருக்குக் கண் மங்கியிருந்தது. குரலை வைத்து அடையாளம் கண்டார். காசை வாங்கி ஒவ்வொரு தாளாகத் தடவி எண்ணினார். நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. பற்றுச்சீட்டுத் துண்டை நீட்டினேன். அதில் பெயருக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"ஒங்க நம்பர் ஐயா. 212. இனி இது ஒங்களுக்கு மட்டுந்தான்."

துண்டை நாலாக மடித்து மடியில் செருகினார். "தோட்டத்துல எனக்கு 147" என்றார். "இப்பவும் அது யாருக்கும் குடுக்கல்லதானே?"