வாய்தா வாங்கப் பழகு

கோர்ட்டுக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் சட்டக் கல்லூரித் தம்பி தங்கைகளே, வருக. ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் பயிற்சி எடுக்க வேண்டும் என்கிறது பார் கவுன்சில் விதி. அவ்வளவு எதற்கு? ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஏதாவதொரு முன்சீப் கோர்ட்டின் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். மதியச் சாப்பாட்டுக்குள் தொழில் கைவந்துவிடும்.

டவாலி கட்சிக்காரர் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். இரு பக்கத்து வக்கீல்களும் எழுந்து குனிவார்கள். ஒருவர் "டைம் வேணும்" என்பார். மற்றவர் "ஆட்சேபணை இல்லை" என்பார். ஏனென்றால் அடுத்த வாய்தாவுக்கு டைம் கேட்கப் போகிறவர் அவர். பெஞ்ச் கிளார்க் தேதி சொல்வார். இவ்வளவும் முடிய ஒரு நிமிடம் ஆகாது. இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் கட்சிக்காரர் விடியற்காலை பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

நீங்கள் இன்னும் பதிவு செய்யாதவர்கள். கோர்ட்டில் வாய் திறக்கக் கூடாது. ஜூனியர் அக்கா வாய்தா கேட்கும்போது பின்னால் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு நின்றால் போதும். அப்போது காரணங்களை மட்டும் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். "சீனியர் ஹைகோர்ட்டில் இருக்கிறார்" என்று அக்கா சொல்லும்போது சீனியர் எதிர் டீக்கடையில் இருப்பார். "கட்சிக்காரருக்கு உடம்பு முடியவில்லை" என்னும்போது கட்சிக்காரர் வாசலில் திடமாக நிற்பார். "இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார்" என்பது அரசு வக்கீலுக்கு மட்டும் உரியது, நாம் தொடக் கூடாது.

புத்தகத்தில் வேறு மாதிரி படித்திருப்பீர்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 17, விதி 1: வழக்கு விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் ஒத்திவைப்பு கிடையாது. கிரிமினல் பக்கம் இன்னும் கறார். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 346ஆம் பிரிவு, தரப்பினர் கையை மீறிய காரணம் இருந்தால்கூட இரண்டுதான் என்கிறது. அதற்கும் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மூன்று முறை வரம்பைக் கொண்டுவந்த உரிமையியல் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது நம்ம சேலம் வக்கீல் சங்கம். திருத்தம் செல்லும், ஆனால் கட்சிக்காரரின் கையை மீறிய அசாதாரண நிலை வந்தால் மூன்றைத் தாண்டியும் கொடுக்கலாம் என்று 2005இல் தீர்ப்பானது. அன்றிலிருந்து இந்த நாட்டில் நடப்பதெல்லாம் அசாதாரணம்தான். சீனியரின் மச்சினிக்குக் கல்யாணம் அசாதாரணம். ஜெராக்ஸ் கடையில் கரண்ட் போனது அசாதாரணம். ஆடி மாதம் ஆடியில் வந்ததுகூட ஒரு வகையில் அசாதாரணம்தானே.

வராண்டாவில் மஞ்சப்பையோடு ஒரு அம்மா உங்களைப் பிடித்துக்கொள்வார். கறுப்புப் பேன்ட்டும் வெள்ளைச் சட்டையும் போட்டிருப்பதால் உங்களையும் வக்கீல் என்று நினைத்துவிடுவார். "என்னாச்சு சாமி?" அண்ணன் தம்பிகள் பங்கு தரவில்லை என்று போட்ட பாகப்பிரிவினை வழக்கு. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் கொண்டுவந்தது. இந்தியா 2005இல் கொண்டுவந்தது. கோர்ட் கொடுத்திருப்பது அடுத்த மாதம் 12ஆம் தேதி. அதைத்தான் நீங்கள் அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும். அவர் தலையாட்டிவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து குமாஸ்தா கையில் எதையோ வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார். சகோதரர்களின் வக்கீல் அதே நேரம் அவர்களிடம் "இன்னிக்கும் தள்ளிட்டோம்ல" என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒருவருக்குத் தண்டனையாக விழுவதும் இன்னொருவருக்குச் சேவையாக விற்பதும் ஒரே வாய்தாதான். இந்த வியாபாரத்தில் நஷ்டப்பட்ட வக்கீலை நான் இன்னும் பார்க்கவில்லை.

நீதிபதி மட்டும் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். நியாயம். பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987இல் சொன்னது. அதில் பாதியைக்கூட நாம் எட்டவில்லை. கீழ் நீதிமன்றங்களில் 4 கோடிக்கு மேல் வழக்குகள் கிடக்கின்றன. கோர்ட் வளாகத் திறப்பு விழாவுக்கு மந்திரிகள் தவறாமல் வருவார்கள், பந்தல் போடுவார்கள், கல்வெட்டில் பேர் பொறிப்பார்கள். உள்ளே உட்கார ஆள் போடுங்கள் என்றால் நிதித்துறை டைம் கேட்கும். வாய்தா வாங்குவதில் அரசாங்கத்தை மிஞ்சிய கட்சிக்காரர் கிடையாது.

வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணிக்கும் நாட்களில் உங்களுக்கு லீவு. வக்கீல்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் ஹரீஷ் உப்பல் வழக்கில் 2002இல் சொல்லிவிட்டது. அதனால் நாம் வேலைநிறுத்தம் செய்வதே இல்லை, பணியிலிருந்து விலகி மட்டும் இருப்போம். மஞ்சப்பை அம்மாவுக்கு இந்தச் செய்தி கோர்ட் வாசலில்தான் தெரியவரும்.

சம்பளம் கேட்காதீர்கள். ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை உங்கள் சீனியர் படித்திருக்க மாட்டார், ஹைகோர்ட்டில் பிஸி. அவர் கேட்பது வேறு. "தம்பிக்கு எந்த ஊரு?" சொல்வீர்கள். "ஊர்ல எந்தத் தெரு?" இந்த இரண்டாவது கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலில்தான் நாற்காலியா ஸ்டூலா என்பது முடிவாகும். சமத்துவம் பற்றிய அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவு அவர் தலைக்குப் பின்னால் அலமாரியில், கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கும்.

இனி ஜாமீன். 1978இல் மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார் மாஜிஸ்திரேட். அண்ணன் தம்பி ஒருவர் நிற்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றார். நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த உத்தரவைப் பிய்த்தெடுத்தார். ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணை எழுதி வாங்கிக்கொண்டு அவரை விடச் சொன்னார். பாடப் புத்தகத்தில் அடிக்கோடிட்டுப் படித்திருப்பீர்கள். படித்துவிட்டு நேராகக் குற்றவியல் நடுவர் கோர்ட்டுக்கு வாருங்கள். கூலிக்காரப் பையனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது, ஆனால் பையன் ஜெயிலில்தான் இருக்கிறான். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், வீட்டுவரி ரசீது வேண்டும், வி.ஏ.ஓ. சான்று வேண்டும். ஆள் கிடைக்காதவர்களுக்காக மரத்தடியில் ரசீதோடு சிலர் தயாராக நிற்பார்கள், அவர்களுக்கென்று ஒரு ரேட் உண்டு. சட்டம் காசு கேட்கக் கூடாது என்று சொன்ன இடத்தில் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறோம். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். தீர்ப்பே இல்லாமல் தண்டனை கொடுக்கும் இவ்வளவு சிக்கனமான முறையை வேறு யார் கண்டுபிடிக்க முடியும்?

சாயங்காலம் ஒருநாள் ரிமாண்டுக்குப் போங்கள். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. நிறுத்துவார்கள். கையில் மாவுக்கட்டு இருக்கும். கேட்டால், கழிவறையில் வழுக்கி விழுந்துவிட்டான் என்பார்கள். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களின் கழிவறை ஒரு விஞ்ஞான அதிசயம். இருபது வருஷமாக அதே கழிவறைக்குப் போய்வரும் ஏட்டையா ஒரு நாளும் வழுக்கியதில்லை. முந்தாநாள் பிடிபட்டவன் மட்டும் போன வேகத்தில் வழுக்கி விழுவான், சரியாக வலது கை உடையும். பத்திரிகைக்காரர்கள் மாவுக்கட்டைப் படம் எடுப்பார்கள், ஜனங்கள் பார்த்துக் கைதட்டுவார்கள். ஆமாம், கைதட்டுகிறவர்கள் நாம்தான்.

நடுவர் கேட்பார், "போலீஸ் அடிச்சாங்களா?" அடித்த போலீஸ் ஒரு முழம் தள்ளி, சட்டைக் காலரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பார். "இல்லீங்கய்யா." எழுதிக்கொள்வார்கள். 'புகார் ஏதுமில்லை.' பதினைந்து நாள் காவல். அடுத்த ஆள்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் கைது செய்தது. ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது புகார். சிறைக்கு அனுப்பலாம், உடம்பு தகுதியாக இருக்கிறது என்று டாக்டர் சான்று கொடுத்தார். நடுவர் ரிமாண்டு செய்தார். கோவில்பட்டிக் கிளைச் சிறைக்குப் போனார்கள். அடுத்த சில நாளில் மகனும், மறுநாள் காலைக்குள் தகப்பனும் செத்துப்போனார்கள். ஸ்டேஷனில் வாங்கிய அடியில் ரத்தம் நிற்காமல் லுங்கி மாற்றி மாற்றிக் கட்டினார்கள் என்பது பின்னால் ஊருக்கே தெரியவந்தது. அன்று அந்தத் தாள்களில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. சீல் இருந்தது, கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது. மூன்று அலுவலகங்களைத் தாண்டிப் போன இரண்டு உடம்புகளை யாருமே பார்க்கவில்லை.

வாய்தா கேட்கக் கற்றுக்கொண்ட அதே வராண்டாவில்தான் பார்க்காமல் இருக்கவும் கற்றுக்கொள்கிறோம். கறுப்புக் கோட்டு தைக்கக் கொடுத்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு புத்திமதி இல்லை. கனம் நடுவர் அவர்களுக்கு மட்டும் ஒரு மனு, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டாமல் போடுகிறேன். நாளைக்கு உங்கள் முன் ஒருவனை நிறுத்தும்போது, கூட வந்த போலீஸ்காரர்களைக் கதவுக்கு வெளியே போகச் சொல்லுங்கள். அவன் சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். அதன் பிறகு அடித்தார்களா என்று கேளுங்கள். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், சட்டத் திருத்தம் வேண்டாம், நிதித்துறை ஒப்புதல் வேண்டாம். இதற்காவது டைம் கேட்காதீர்கள்.