பயப்படுவோர் மீது வழக்குத் தொடரப்படும்

நமது அணுசக்தித் துறைக்கு அபூர்வமான கண் ஒன்று உண்டு. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா உலைக் கட்டடங்களின் கூரை பறந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்தக் கண்ணுக்கு மட்டும் விபத்தே தெரியவில்லை. வெறும் வேதிவினை என்றார் அணுசக்தி ஆணையத் தலைவர். நன்றாகத் திட்டமிட்ட அவசரகாலத் தயார்நிலை நடவடிக்கை என்றார் அணுமின் கழகத் தலைவர். அடுத்த மாதமே ஜப்பான் அதைச் செர்னோபிலுக்கு நிகரான 7-ஆம் நிலை விபத்து என்று அறிவித்தது. பாவம், ஜப்பான்காரர்களுக்கு வேதியியல் போதாது.

அதே கண், கூடங்குளம் அணு உலையை எதிர்த்துப் போராடிய இடிந்தகரைப் பக்கம் திரும்பியதும் கூர்மையாகிவிட்டது. பந்தலில் உண்ணாவிரதம் இருந்த மீனவப் பெண்களிடம் அதற்குப் பேராபத்து தென்பட்டது. அப்துல் கலாமே நேரில் வந்து, உலை நூறு சதவீதம் பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் பயந்தால் அது வியாதிதானே? பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்களின் உதவியைக் கேட்டது மத்திய அரசு. கூரை பறந்ததைத் தயார்நிலை என்றவர்களின் மனநிலையைப் பற்றி யாருக்கும் கவலை வரவில்லை; விபத்து நேர்ந்தால் எங்களை எப்படி வெளியேற்றுவீர்கள் என்று கேட்டவர்களுக்குத்தான் ஆலோசனை. ஆலோசனைக்கு மசியாத ஆயிரக்கணக்கானோருக்குத் தேசத்துரோக வழக்கு.

தட்டிக்கேட்க ஆளே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இருந்தது. அது ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆணையத்தின் தலைவர் யார்? உலைகளைக் கட்டி நடத்தும் அதே துறையின் செயலாளர். தேர்வு எழுதுகிறவரே விடைத்தாள் திருத்துகிறவருக்கு மேலதிகாரி! இதை மாற்ற 2011-இல் ஒரு மசோதா வந்தது. நிறைவேறாமலே காலாவதியானது. விஞ்ஞானத்துக்கு இருந்த அவசரம் கண்காணிப்புக்கு இல்லை.

பிறகு 2019 வந்தது. கூடங்குளத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் மீது இணையத் தாக்குதல் சாத்தியமே இல்லை என்று அக்டோபர் 29-இல் உலை நிர்வாகம் அறிக்கை விட்டது. நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்தது உண்மைதான் என்று மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. தகவல் செப்டம்பர் 4-ஆம் தேதியே வந்திருந்ததாம்! தேசத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று இவர்கள் கடற்கரையில் மீனவர்களைத் துரத்தினார்கள். ஆபத்தோ கம்பி வழியாக வந்து ஆபீசுக்குள் உட்கார்ந்திருந்தது.

கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளை மீறினால் விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதம் 500 ரூபாய்தான் என்று தலைமைத் தணிக்கையாளரின் 2012 அறிக்கை சொன்னது. தேசத்துரோகத்துக்கு அப்போது அதிகபட்சம் ஆயுள் தண்டனை. ஆக, விதியை மீறினால் 500 ரூபாய் அபராதம். மீறுவார்களோ என்று பயந்தால் ஆயுள். இப்படியொரு விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் விஞ்ஞானத்தை நம்பு என்று நமக்கு உபதேசம் செய்தார்கள். ஐயா, விஞ்ஞானத்தின் மேல் எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சந்தேகமெல்லாம் உங்கள் மேல்தான்.