கல்லாவில் கைவைத்த கதை

நியூயார்க்கில் ஃபிராங்க் மெக்நமாரா என்றொருவர் ஓட்டலில் விருந்து கொடுத்தாராம். பில் வந்ததும் பையைத் தடவினால் பர்ஸைக் காணோமாம். அந்த அவமானத்தில் பிறந்ததுதான் 1950-ன் டைனர்ஸ் கிளப் அட்டை என்பது வழிவழியாக வரும் கதை. நம்பிவிடாதீர்கள். மேட்டி சிமன்ஸ் என்ற விளம்பரக்காரர் பத்திரிகைகளுக்காக அளந்து விட்டது அது. பர்ஸை மறந்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் கம்பெனி ஆரம்பிக்கவில்லை. உள்ளே போய் மாவாட்டினார்கள்.

மெக்நமாராவின் நிஜமான கண்டுபிடிப்பு வேறு. சாப்பிட்டவனை விட்டுவிட்டுச் சாப்பாடு போட்டவனிடம் வசூலிப்பதுதான் அது. பில்லில் 7 சதவீதம் கமிஷன். 100 டாலருக்கு இலை போட்டால் ஓட்டல்காரர் கைக்கு 93 வரும். அவர் ஏன் ஒப்புக்கொண்டார்? பக்கத்து ஓட்டல்காரர் ஒப்புக்கொண்டுவிடுவாரே என்ற பயம்தான். கம்பெனிக் கணக்கில் சாப்பிட வருகிறவர் மெனுவில் விலை போட்ட பக்கத்தையே பார்ப்பதில்லை. அந்தப் புண்ணியவானை எதிர்க்கடைக்கு அனுப்ப யாருக்கு மனசு வரும்? வேடிக்கை என்னவென்றால், இது நாலு நாள் கூத்து என்று நினைத்த மெக்நமாரா, 1952-லேயே தன் பங்கை இரண்டு லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு நடையைக் கட்டினார்.

அடுத்த அத்தியாயம் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில், 1958 செப்டம்பரில். சொந்தமாகக் கார்டு கொண்டுவர நினைத்த பாங்க் ஆஃப் அமெரிக்காவுக்கு ஒரு சிக்கல். “கார்டு வைத்திருப்பவர்கள் எங்கே?” என்று கடைக்காரர் கேட்கிறார். “கார்டு வாங்கும் கடை எங்கே?” என்று மக்கள் கேட்கிறார்கள். வங்கி அதிகம் யோசிக்கவில்லை. யாரும் கேட்காமலே 60,000 கார்டுகளை வீடு வீடாகத் தபாலில் அனுப்பிவிட்டது. மறுநாள் காலையில் கடைக்காரர் எழுந்து பார்த்தால் ஊரே கார்டும் கையுமாக நிற்கிறது. 6 சதவீதக் கமிஷனுக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. திட்டத்தின் சூத்திரதாரி ஜோசப் வில்லியம்ஸ், நூற்றுக்கு 4 கணக்குகள்தான் பாக்கி வைக்கும் என்று கணக்குப் போட்டார். வைத்தவை 22. அவர் வேலையை விட்டுப் போனார், கார்டு போகவில்லை. 1976-ல் அது விசா என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அதே 1958-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் களத்தில் குதித்தது. “எங்கள் கார்டுக்காரர் தாராளமாகச் செலவழிக்கும் பெரிய மனிதர், ஆகவே கமிஷனும் பெரிசு” என்பது அதன் வாதம். பல வருஷம் இந்த வாதம் எடுபட்டது. 1991-ல் பாஸ்டனில் உடைந்தது.

பாஸ்டன்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. 1773-ல் வரி பிடிக்கவில்லை என்று 342 பெட்டி தேயிலையைத் துறைமுகத்தில் கொட்டியவர்கள் அவர்கள். இந்த முறை வியாபாரம் படுத்திருந்த நேரம். மற்ற கார்டுகள் சுமார் 2 சதவீதத்தோடு விட, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் மட்டும் 3-க்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தது. ஓட்டல் முதலாளிகள் கூடி, அந்தக் கார்டை வாங்க மாட்டோம் என்று கிளம்பினார்கள். பத்திரிகைகள் ‘பாஸ்டன் ஃபீ பார்ட்டி’ என்று பெயர் சூட்டின. விசா ஓடிவந்து புரட்சிக்கு ஆதரவு கொடுத்தது. அதுவும் அதே கல்லாவில் கைவைக்கிற ஆள்தான். கொஞ்சம் குறைவாக அள்ளும், அவ்வளவே. கடைசியில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் இறங்கிவந்து கமிஷனைக் குறைத்தது.

ஓட்டல்காரர்களுக்கு இத்தனை துணிச்சல் வந்த ரகசியம் இதுதான்: அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வைத்திருப்பவரின் பர்ஸில் அநேகமாக ஒரு விசாவும் இருக்கும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸை மறுத்தாலும் ஆள் எழுந்து போக மாட்டார். விசாவை மறுத்தால் போய்விடுவார். எந்தக் கார்டை வாங்குவது என்பதைக் கமிஷன் மட்டும் முடிவு செய்வதில்லை. வாசல்படி தாண்டிப் போகும் வாடிக்கையாளரின் கால்களும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

கடை பெரிசானால் கதை தலைகீழ். காஸ்ட்கோ என்ற பெரிய மொத்தக் கடை 1999 முதல் 2016 வரை தன் அமெரிக்கக் கடைகளில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தவிர வேறு கிரெடிட் கார்டைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள், “நீங்கள் போகலாம்” என்று சொல்லி விசாவைக் கூப்பிட்டது. புழக்கத்தில் இருந்த அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டுகளில் பத்தில் ஒன்று காஸ்ட்கோவோடு சேர்ந்து வெளியிட்டது. மூலை ஓட்டலிடம் மீசை முறுக்கிய கம்பெனி, மொத்தக் கடையிடம் அதை மழித்துக்கொண்டது.

சின்னக் கடைக்காரருக்கு மிச்சமிருந்த ஆயுதம் வாய்தான். “சார், வேறு கார்டு இருக்கிறதா?” என்று பணிவாகக் கேட்கலாம். அதற்கும் பூட்டு. அப்படிக் கேட்கக் கூடாது என்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அரசு 2010-ல் வழக்குப் போட்டது. 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று பூட்டை அப்படியே விட்டுவிட்டது. கடைக்காரர் படும் கஷ்டத்தை மட்டும் பார்த்தால் போதாது, கார்டு வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் பாயின்ட், சலுகை எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டுமாம்.

அந்தப் பாயின்ட் யார் வீட்டுப் பணம்? கடைக்காரர் கமிஷனைத் தன் சொத்திலிருந்தா கொடுக்கிறார்? விலையில் ஏற்றி எல்லார் தலையிலும் கட்டுகிறார். பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010-ல் இதைக் கணக்கிட்டார்கள். ரொக்கம் கொடுத்து வாங்கும் சராசரிக் குடும்பம் ஆண்டுக்கு 149 டாலரைக் கார்டுக் குடும்பங்களுக்குத் தாரை வார்க்கிறது. கார்டுக் குடும்பம் ஒவ்வொன்றும் 1,133 டாலர் பெறுகிறது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற வியாபாரம் இது. இலவச விமான டிக்கெட் கிடைத்தால் கார்டு கம்பெனிக்கு நன்றி சொல்லாதீர்கள். வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்று சில்லறை எண்ணிக் கொடுத்தவருக்குச் சொல்லுங்கள்.