வளையமாதேவியில் விளைந்த வெளிச்சம்

ஆண்டுதோறும் டிசம்பர் 14 வந்தால் அரசாங்கத்துக்கு மின்சாரத்தின் அருமை தெரிந்துவிடும். தேசிய எரிசக்தி சேமிப்பு நாள். பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, கையில் அட்டையைக் கொடுத்துப் பேரணி விடுவார்கள். 'தேவையற்ற விளக்குகளை அணைப்போம்!' கொடியசைக்க வந்தவரின் கார், ஏசியை ஓடவிட்டபடி ஓரமாகக் காத்திருக்கும். அட்டை பிடித்த பிள்ளையின் வீட்டில் இருப்பதே ரெண்டு எல்இடி பல்பு. அதில் எது தேவையற்றது என்று யாராவது போய்க் காட்டிக்கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

இந்த நாட்டில் சிக்கனத்தை எப்போதும் கீழே இருப்பவனுக்குத்தான் சொல்வார்கள். நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் இயங்கத் தொடங்க வேண்டும் என்று 2020 முதல் விதி. தொடங்கும். அடுத்த நொடியே அதிகாரியின் விரல் அதை 18க்கு இறக்கிவிடும். குளிர் தாங்காமல் சால்வையைப் போர்த்திக்கொண்டு புவி வெப்பமயமாதல் கோப்பில் கையெழுத்துப் போடுவார். வெளியே வராந்தாவில் ஒரு கிழவி, கொண்டுவந்த மனுவாலேயே விசிறிக்கொண்டிருப்பாள்.

சிதம்பரத்துக்கு ஒரு தலைவர் வருகிறார் என்றால் வீதி நெடுகச் சவுக்குக் கட்டை நட்டு டியூப்லைட் கட்டுவார்கள். கட்அவுட்டைச் சுற்றி சீரியல் செட். மின்சாரம் எங்கிருந்து? கம்பத்தை நிமிர்ந்து பாருங்கள், கொக்கி தொங்கும். தலைவர் பத்து மணிக்குப் பேசி முடித்துக் கிளம்பிவிடுவார். கட்அவுட் மட்டும் விடிய விடியப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். இதில் கட்சி பேதம் கிடையாது. தமிழ்நாட்டில் இதுவரை உடையாத கூட்டணி இது ஒன்றுதான். இதே கொக்கியைக் கூரைவீட்டுக்காரன் போட்டுப் பார்க்கட்டும். பறக்கும் படை வரும், அபராதம் வரும், பேப்பரில் செய்தியும் வரும்.

சரி, அந்த வெளிச்சத்துக்கு விலை கொடுத்தது யார்? இதே கடலூர் மாவட்டத்து நெய்வேலி. 1962 முதல் அங்கே பழுப்பு நிலக்கரியை எரிக்கிறோம். அதில் பாதிக்குப் பாதி ஈரம். ஈரத்தை விரட்டவே வெப்பத்தில் ஒரு பங்கு போய்விடும். அதனால் ஒரு யூனிட்டுக்கு அது கக்கும் கரியமில வாயு, சாதாரண நிலக்கரி கக்குவதைவிட அதிகம். சுரங்கத்தில் ஊற்று பீறிடாமலிருக்க இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைக்க வேண்டும். இறைக்கும் மோட்டாருக்கும் மின்சாரம். சுற்றுவட்டாரத்தில் போர் போட்டவனிடம் எத்தனை அடி என்று கேட்டுவிடாதீர்கள். பாவம், அழுதுவிடுவான்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். நெய்வேலி சுரங்கத்துக்கென்று பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காக, கதிர் வரும் நேரத்து நெல்வயலில் பொக்லைன் இறங்கியது. பச்சைப் பயிர் மண்ணோடு மண்ணாகப் புரண்டது. சுற்றிலும் போலீஸ். 'நிலம் எப்போதோ கையகப்படுத்தியது, பணமும் கொடுத்தாயிற்று' என்றது நெய்வேலி நிர்வாகம். இருக்கட்டும். காகிதமெல்லாம் சரியாகவே இருக்கட்டும். 1956இல் தொடங்கிய நிறுவனத்துக்கு ஓர் அறுவடை வரை பொறுக்க முடியவில்லை! கால்வாய் தாமதமானால் சுரங்கம் நிற்குமாம், மின் உற்பத்தி பாதிக்குமாம். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியே மனம் நொந்துபோனார். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று முடிந்தது.

அந்தப் பயிரைச் சாய்த்து எடுக்கும் கரியில்தான் கட்அவுட் பல்லிளிக்கிறது. பட்டப்பகலில் தெருவிளக்கு எரிகிறதே, அதுவும் அதில்தான்.

புயலுக்கும் நம் மாவட்டத்து விலாசம் மனப்பாடம். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையேறியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பல மாநிலங்களுக்கு மின்சாரம் அனுப்பும் மாவட்டத்தின் கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2015இல் வெள்ளம். ஒரு குறிப்பிட்ட புயலைப் புவி வெப்பத்தின் கணக்கில் எழுத விஞ்ஞானிகள் தயங்குவார்கள். கடல் சூடேறினால் புயலுக்கு வெறி கூடும் என்பதில் அவர்களுக்குத் தயக்கமில்லை. நமக்குத்தான் எதிலும் தயக்கமில்லையே! அதே கடலோரத்தில், பரங்கிப்பேட்டைப் பக்கம், இறக்குமதி நிலக்கரியை எரிக்க 1,200 மெகாவாட்டுக்கு அனல்மின் நிலையம் கட்டினோம். கொஞ்சம் தெற்கே போனால் பிச்சாவரம். அங்கே படகில் ஏற்றி, அலையாத்திக் காட்டின் அருமையைச் சொல்லித் தருவார்கள்.

2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டார்கள். கடலூர் மாவட்டத்தில் ஐந்து ஒன்றியங்களுக்குப் பாதுகாப்பு. சுரங்கத்தை ஒட்டிய கம்மாபுரம் அதில் இல்லை. அங்கே விளைவது நெல்லில்லை போலும். 2023 ஏப்ரலில் இன்னொரு கூத்து. நம் மாவட்டத்துக் கிழக்கு சேத்தியாத்தோப்பின் பெயரே டெல்லியின் சுரங்க ஏலப் பட்டியலில் இருந்தது. தமிழ்நாடே எதிர்த்தது, டெல்லி பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சந்தோஷம். அதற்கு இன்னமும் பாராட்டு விழா எடுக்க நினைப்பவர்கள் தயவுசெய்து பகலில் எடுங்கள். ராத்திரியில் எடுத்தால், நீங்கள் கட்டும் டியூப்லைட்டுக்கே இன்னொரு சுரங்கம் தோண்ட வேண்டிவரும்.