நட்டுக்குத் தூண்டில் போடுறியா கண்ணு?

இன்னா கண்ணு, மூஞ்சி நேத்து புடிச்ச வவ்வாலு மீனாட்டம் தொங்கிப்போய்க் கீது? வா, இப்டி குந்து. வலைய மிதிக்காத, காலைலேர்ந்து பொத்த அடைச்சிக்கினு கீறேன்.

யாரும் பாக்கலன்னு சுத்திமுத்திப் பாத்தியே, அத்த நான் பாத்தேன். எனுக்கு கண்ணுக்குதான் வயசாச்சி, காதுக்கு ஆவல. டிங்குன்னு ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கயிச்சி இன்னொரு டிங்கு. அப்பால உன் வாய்லேர்ந்து ஒரு கெட்ட வார்த்த. இன்ஜினுக்குள்ள நட்டு போச்சின்னு யாரும் எனுக்கு வெத்தல பாக்கு வெச்சி சொல்ல வேணாம். "ஒண்ணே ஒண்ணுதான் தாத்தா, சின்ன நட்டு"ன்றே. சரி, சின்னதுதான். 13-ம் நம்பர் ஸ்பேனர் போடுற நட்டு, தடிமன் ஆறரை மில்லி. பிஸ்டன் உச்சிக்கு வந்து நிக்கும்போது அதுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல கீற எடம் சுமாரா ஒரு மில்லி. மீதி அஞ்சரை மில்லி எங்க போவும்? கணக்கு உனுக்கு வராது, பிஸ்டனுக்கு வரும்.

அதனால நீ இன்னா பண்ற, தெகிரியமா செல்ஃப் அடி. உன் சேக்காளி சொன்னானே, ஓடுற ஓட்டத்துல சைலன்சர் வயியா அதுவா துப்பிடும்னு. துப்பும் கண்ணு, ஏன் துப்பாது? வால்வு, பிஸ்டன், ஹெட்டு எல்லாத்தையும் சேத்து துப்பும். ஓனரு அந்தத் துண்டுங்கள கோணில கட்டி உன் தோள்ல ஏத்தி, பயைய இரும்புக் கடைக்கு வயி காட்டுவாரு. நீயும் ராயபுரம் முயுசா ஊர்வலம் போவலாம்.

அப்புறம் அந்த காந்தம். ஸ்பீக்கர்லேர்ந்து ஒடச்ச துண்ட நூல்ல கட்டி, உள்ள வுட்டுகினு அரை மணி நேரம் குந்தினியே, இன்னா பக்தி! எனுக்கு கண்ணு கலங்கிட்ச்சி. உப்புக்காத்து தின்னுடும்னு ஓனரு எஸ்.எஸ். நட்டா வாங்கிப் போட்டாரு. அத்த துருவும் புடிக்காது, காந்தமும் புடிக்காது. நீ குந்து, சாயங்காலம் வரைக்கும் குந்து. ஒரு நண்டாவது வரும்.

எங்க நைனா ஓட்டின கட்டுமரத்துல இந்த பேஜாரெல்லாம் இல்ல. மரத்த கவுத்தால கட்டுவோம், பாய் விரிப்போம், காத்து இஸ்துகினு போவும். கைலேர்ந்து எது நயுவினாலும் நேரா கடலம்மா மடிக்குதான், கேள்வி கெடையாது. நீ புடிச்சிகினு கீறது இன்னா? எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ்னு ஆரம்பிச்சி, 1955-ல அசோக் லேலண்டுன்னு பேரு மாத்திகினாங்களே, அவங்க லாரி இன்ஜின் வம்சம். லாரின்னா அடில படுத்துகினு சம்ப்ப கயட்டிடுவ. போட்டுல இன்ஜின் பெட்டு மேல குந்திகினு கீது. கீய பலகையும் பில்ஜ் தண்ணியும்தான், நீ எங்க படுப்ப? நல்லவேள, ராக்கர் கவர தொறக்கல. புஷ் ராடு ஓட்ட வயியா சம்ப்புக்கு எறங்கியிருந்தா இன்ஜினையே தூக்கணும். நீ தொறந்தது காத்து உள்ள போற மேனிஃபோல்டு.

இப்ப நெசமா சொல்றேன், கேளு. ஃப்ளைவீல்ல கை வெக்காத, ஒரு விரக்கடை கூட திருப்பாத. வால்வு மூடிகினு கீதுன்னா நட்டு அது முதுகு மேல சொகமா படுத்துகினு கீது. நீ திருப்பினா வால்வு தொறக்கும், அது கதவு தொறந்தாச்சின்னு உள்ள எறங்கும். ஏர் அடிச்சி வெரட்டலாம்னு கம்ப்ரஸர இஸ்துகினு வராத, அது இன்னும் உள்ளதான் தள்ளும். ரிச்சி ஸ்ட்ரீட்ல விக்கிறாங்களே போன்ல சொருவுற வயர் கேமரா, அத்த வுட்டு பாரு. நட்டு தெரிஞ்சா கெட்டிக் கம்பி நுனில சுண்டைக்காய் அளவு கிரீஸ் தடவி, மெதுவா ஒத்தி எடு. குத்தாத, ஒத்து. கொயந்தைக்கு பொட்டு வெக்கிற மாரி. ஒட்டலன்னா வாக்கும் கிளீனர் வாய்ல ஒல்லியான டியூப் சொருகி உறிஞ்சு.

வால்வு தொறந்து கீது, நட்டு உள்ளயே போய்ட்ச்சின்னா அய்வாத. ஹெட்ட எறக்கு. நாளு கீதே! ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். முன்ன 45 நாளுதான், 2017-லேர்ந்து 61 ஆக்கினாங்க. மீனு குஞ்சு பொரிக்கதான்னு நெனச்சியா? உன்ன மாரி மெக்கானிக்கு நட்டு தேடறதுக்கு கூட 16 நாளு குடுத்துகீறாங்க கண்ணு.

அடுத்த தபா மேனிஃபோல்ட கயட்டினதும் ஓட்டைக்கு ஓட்ட வேஸ்ட்டு துணிய அடை. எத்தினி துணி அடைச்சேன்னு எண்ணி வெச்சிக்கோ, இல்லாங்காட்டி அதுக்கு வேற தனியா கேமரா வுடணும்.

இந்தா கிரீஸ் டப்பா, போ. அந்த எவர்சில்வர் மூடிய இங்க வெச்சிட்டுப் போ, காத்துல கவுந்துடப் போவுது. ஆமா, மேனிஃபோல்டுல மொத்தம் எத்தினி ஸ்டட்டு? பன்னண்டா?

மூடில பத்து நட்டுதான் கீது கண்ணு.