ஜனவரி 1-ஐக் கண்டு பதறாதிருத்தல்: கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

புத்தாண்டுத் தீர்மானங்கள் ஜனவரி மூன்றாம் வாரத்திலேயே படுத்துவிடுவது ஏன் என்று கோலாலம்பூரில் யாரும் முறையாக ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. எழுத உட்கார்ந்தவர்களும் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போயிருக்கக்கூடும். அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை. இதன் கருதுகோள் எளியது: குற்றம் தீர்மானத்தில் இல்லை, தேதியில் இருக்கிறது.

முதலில் வரலாறு. ரோமில் நாட்காட்டியைச் சீர்செய்யப் புகுந்த ஜூலியஸ் சீசர், கணக்கு நேராவதற்காக கி.மு. 46-ஆம் ஆண்டை 445 நாளுக்கு இழுத்தார். ஆண்டு பிறக்கக் கொஞ்சம் காத்திருக்கலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய இடத்துச் சான்று கிடையாது. இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி 1-க்கு அவர்கள் மாறியது 1752-இல்தான். பிரான்சிஸ் லைட் பினாங்கில் வந்து இறங்கிய 1786-இல் அந்தத் தேதிக்கு வயது 34. தமக்கே முழுதாய்ப் பழகாத புத்தாண்டைத்தான் நம் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். அவர்களுடைய வருமான வரி ஆண்டோ இன்றும் ஏப்ரல் 6-இல் பிறக்கிறது, ஏறக்குறைய நம் சித்திரைக்குப் பக்கத்து வீட்டில்.

மலேசியாவும் இத்தேதியை முழுமனதாக ஏற்கவில்லை. ஜொகூர், கெடா, கிளந்தான், பெர்லிஸ், திரங்கானு மாநிலங்களில் ஜனவரி 1 பொது விடுமுறை அல்ல. பள்ளித் தவணையைப் பாருங்கள்: ஜனவரியில் தொடங்கிக்கொண்டிருந்தது 2022-இல் மார்ச்சுக்குப் போனது, 2025-இல் பிப்ரவரிக்கு வந்தது, 2026-இல் மீண்டும் ஜனவரியைத் தொட்டது. கல்வி அமைச்சே நாலு வருஷம் எடுத்துக்கொண்ட காரியத்தை நாம் ஓர் இரவில், அதுவும் வாணவேடிக்கைச் சத்தத்தில், முடிக்க நினைக்கிறோம்.

அடுத்து, வாசல்கள். இப்பள்ளத்தாக்கில் ஜனவரி 1-ஐத் தவறவிட்டவருக்கு ஜனவரி நடுவில் தை முதல் நாள் உண்டு. அதுதான் தமிழ்ப் புத்தாண்டா என்று கேட்டுச் சண்டைக்கு வருபவர்களுக்கு ஒரு தகவல்: தமிழ்நாடு 2008-இல் ஆம் என்று சட்டம் போட்டு 2011-இல் இல்லை என்று மாற்றிக்கொண்டது, ஆக, இரண்டுக்கும் அத்தாட்சி இருக்கிறது. பிறகு சீனப் பெருநாள். அது ஒருநாள் சமாச்சாரமல்ல, சாப் கோ மே வரை பதினைந்து நாள் நீளும். அப்புறம் தெலுங்கருக்கு யுகாதி, ஏப்ரல் 14-இல் சித்திரை, எல்லாம் போனாலும் முஸ்லிம்களின் அவால் முஹாரம். அரைவருஷத்துக்குள் இத்தனை புத்தாண்டு கிடைக்கும் ஊரில் முதலாவதற்கே முண்டியடிப்பது, கோமுட்டர் நிற்பதற்கு முன்பே குதிப்பதைப் போன்றது.

களஆய்வு பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய ஓர் ஒட்டுக்கடையில் நடந்தது. நாட்டின் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு என்று 2023 தேசியச் சுகாதார ஆய்வு சொல்வதால் சீனியே ஆய்வுப் பொருளாயிற்று. ஜனவரி 2 காலை பசியாற வரும் நடுத்தர வயது அண்ணன், பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி, “தே ஓ கோசோங்!” என்பார். பாலில்லை, சீனியில்லை; கறுப்பாய் ஆவி பறக்கும். இரண்டாம் வாரம் ‘கோசோங்’ உதிர்ந்து வெறும் ‘தே ஓ’ ஆகும். மூன்றாம் வாரம் “தே தாரிக், குராங் மானிஸ்”, குரலும் தாழ்ந்திருக்கும். கலக்குகிற தம்பி டின்பாலில் கரண்டியை விட்டு, அரைக் கரண்டிக்கும் ஒரு கரண்டிக்கும் நடுவில் கையை நிறுத்தி, ஆள் முகத்தைப் பார்ப்பான். மாதக் கடைசியில் பேச்சே இருக்காது. ஒரு விரல் உயரும், குவளை வரும்.

“என்னண்ணே, கோசோங் இல்லையா?”

“சீனப் பெருநாள் முடியட்டும் தம்பி.”

இந்த அண்ணனைச் சிலர் பலவீனர் என்பார்கள். இவ்வாய்வாளன் அப்படிக் கருதவில்லை. தன் வாசல் எது என்று தெரிவதற்கு முன்பே அவரை யாரோ உள்ளே தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஏனெனில் மறுதரப்புச் சான்றும் அதே சாலையில் நடமாடுகிறது. 2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1. ஒரு மண்டலம், அதாவது 48 நாள், விரதம் இருப்பவர் டிசம்பர் நடுவிலேயே தொடங்கியாக வேண்டும். ஊர் முழுக்கத் தீர்மானம் எடுக்கும் நள்ளிரவில் அவர் மரக்கறி சாப்பிட்டு, தரையில் பாய் விரித்து உறங்கிக்கொண்டிருப்பார். படம் எடுத்துப் போடவுமில்லை, எடை பார்க்கவுமில்லை. ஆனாலும் காவடியோடு பத்துமலையின் 272 படியையும் ஏறிவிடுகிறார். அவருக்குக் காரியம் ஒன்றே ஒன்று. அதற்கு முடிவுநாள் உண்டு. நேர்ந்துகொண்டது யாரிடம் என்பதும் நினைவில் இருக்கிறது. 140 அடி உயரத்தில் நிற்கிறவரிடம் போய் ‘இந்த வருஷம் கொஞ்சம் வேலை அதிகம்’ என்று சொல்ல முடியாது. முக்கியமாக, அவர் ‘இனி ஆயுள் முழுக்க’ என்று எங்கும் சொல்லவில்லை. விரதம் முடிந்த பிறகு கோழிக்குழம்புக்கு உட்காரும்போது அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி தென்படுவதில்லை.

ஆகவே இக்கட்டுரை பரிந்துரைக்கும் முறை: ஜனவரியில் வெறுமனே சுற்றிப் பாருங்கள். ஒரு வாசலைத் தேர்ந்து, ஒரே ஒரு வேலையை வைத்துக்கொண்டு, இன்னொரு வாசல்வரை மட்டும் செய்யுங்கள். தைப்பூசம் முதல் சித்திரை வரை சீனியைக் குறைப்பது என்றால் அது 72 நாள், தாங்கும். உடற்பயிற்சி நிலையத்தார் இதை வன்மையாக மறுப்பர். ஓராண்டுச் சந்தாவை ஜனவரியிலேயே கறந்துவிட்டவர்களுடைய மறுப்பை நடுநிலையானதாகக் கொள்வதற்கில்லை.

ஆய்வின் எல்லை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அவால் முஹாரம் ஆண்டுதோறும் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் நகர்ந்துகொண்டிருப்பதால், அதை நம்பியிருப்பவர் நாட்காட்டியை அடிக்கடி பார்க்க வேண்டும். ஜூனையும் தாண்டி ஒத்திப்போட வேண்டிய நிலையிலுள்ளவர்களுக்கு ஆகஸ்ட் நடுவில் மலையாளிகளின் புத்தாண்டான சிங்கம் மாத முதல் நாள் இருக்கிறது. கிள்ளான் பக்கம் ஒரு மலையாள நண்பரைப் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. சில வாரத்தில் ஓணச் சாப்பாடும் கிடைக்கும்.