கத்திப் பித்து: முகையூர் வட்டாரத்தை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

கத்தி என்பது வெட்டுவதற்கு உரிய கருவி என்று உலகத்தார் நெடுங்காலமாக நம்பிவருகிறார்கள். விழுப்புரம் மாவட்டத்து முகையூரிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும், பகலெல்லாம் கழனியிலோ பள்ளிக்கூடத்திலோ பொறுப்பாக உழைத்துவிட்டு, மாலை மங்கியதும் பழைய இரும்பின்மேல் மோகம் மூண்டு, அதை அறுத்தும் அராவியும் தீட்டியும் பிடி போட்டும் பொழுதைப் போக்குகின்ற ஒரு சாராரைச் சற்றே ஊன்றிக் கவனித்தவர்களுக்கு, இந்நம்பிக்கை எவ்வளவு பலவீனமான அஸ்திவாரத்தின்மேல் நிற்கிறது என்பது விளங்காமற் போகாது. அவர்கள் செய்கிற கத்தி எதையும் வெட்டுவதில்லை. வெட்டுவதற்காகக் கத்தி செய்கிறவர் கொல்லர். செய்வதற்காகவே கத்தி செய்கிறவரை, வேறு சாஸ்திரீயமான பெயர் அகப்படும் வரையில், கத்திப் பித்தர் என்றே இக்கட்டுரையில் வழங்குவோம்.

இப்பித்து நேற்று முளைத்ததன்று. 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரியும் வரையில் முகையூர் எந்தத் தென்னார்க்காட்டில் அடங்கியிருந்ததோ, அதே ஜில்லாவின் கடற்கரையில், பரங்கிப்பேட்டையில், கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் உத்தியோகத்தை உதறிவிட்டு வந்த ஜோசயா மார்ஷல் ஹீத் என்னும் துரை, 1830-ஆம் ஆண்டையொட்டி, சேலத்துத் தாதுவையும் காட்டு மரக்கரியையும் நம்பி ஓர் இரும்பாலையைத் தொடங்கினார். சம்பளமும் பல்லக்கும் இருக்கும்போது உலைக்களத்துக்கு ஓடுகிறவர் பித்தரல்லாமல் வேறு யார்? ஆலை நஷ்டத்தில் நடந்தது. மனிதர் சளைக்கவில்லை, சீமைக்குத் திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறையைக் கண்டு 1839-இல் உரிமைப் பட்டயம் வாங்கினார். அம்முறையைச் சிறிது திருப்பிப் போட்டுக்கொண்ட ஷெபீல்டு முதலாளிகள் லாபம் குவிக்க, அவர் வழக்குமன்றப் படிகளை ஏறியிறங்கியே கைப்பொருளைக் கரைத்து 1851-இல் காலமானார். எகிப்து தேசத்துக் கல்தூண்களில் எழுத்துப் பொறித்த உளிகள் இந்திய உருக்கால் ஆனவையாகவே இருக்கவேண்டும் என்று எழுதிவைத்தவரும் இவரே. பித்தின் இரண்டு பிரதான லக்ஷணங்களாகிய பணவிரயமும், தம் இரும்பைப் பற்றி உலகளாவிய பெருமை பேசுதலும், இவ்வொருவரிடத்திலேயே பூரணமாக அமைந்திருப்பதைக் காண்க.

மூன்றாவது லக்ஷணம், கேளாதவர்க்கும் கத்தியைப் பரிசளித்தல். இதற்கு மின்சார மேதை மைக்கேல் பாரடேயே சாட்சி. கொல்லர் ஒருவரின் மகனாகிய அவர், ஸ்டோடர்ட் என்ற லண்டன் கத்திக்காரரோடு கூடி, தென்னிந்திய உருக்கின் மர்மத்தைத் துருவி 1820-இலும் 1822-இலும் முடிவுகளை வெளியிட்டதோடு அமையாமல், தாம் உருவாக்கிய உருக்கில் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குக் கொடுத்து மகிழ்ந்தாராம். அந்நண்பர்கள் அவற்றைக் கொண்டு சவரம் செய்துகொண்டார்களா என்ற கேள்வியை எந்தச் சரித்திர ஆசிரியரும் எழுப்பாதது நம் ஆராய்ச்சிக்குப் பேரிழப்பு.

இனி மூலப்பொருள். முகையூர்ப் பித்தருக்குச் சேலத்துத் தாது வேண்டுவதில்லை. காயலான் கடை போதும். கரும்பு ஏற்றிச் சர்க்கரை ஆலைக்குப் போய்வந்து, பாரம் தாங்காமல் முறிந்த லாரிகளின் ஸ்பிரிங் பட்டைதான் இவ்வட்டாரத்தில் உயர்ந்த ஜாதி உருக்கு. நூற்றுக்கு அரை பங்குக்குச் சற்று மேலான கரியும், அதற்குத் துணையாக மாங்கனீசு முதலிய பிற சரக்குகளும் கலந்த அப்பட்டையை விட அரிவாளுக்கு ஏற்றது கிடைப்பது அரிது என்பது கொல்லர், பித்தர் ஆகிய இரு தரப்பாருக்கும் சம்மதமே. அபிப்பிராய பேதம் பட்டறை வாசலில்தான் தொடங்குகிறது.

ஆசாரியின் பட்டறை எப்போதும் இருட்டாகவே இருக்கும். வெளிச்சத்துக்கு வழியில்லாமல் அன்று. காய்ந்த இரும்பின் நிறம் வெயிலில் கண்ணுக்குப் புலப்படாது. நம் பித்தரோ, இரும்பு ஏறத்தாழ 770 டிகிரிக்குச் சூடேறினால் காந்தத்துக்கு இழுபடாது என்ற பௌதிக உண்மையைக் கற்றவராதலால், பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கம்பியில் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். அவர் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோவதற்குள் ஆசாரி குறடால் அரிவாளை உருவி, வாயோரத்தை மட்டும் விரல் அகலத்துக்குத் தொட்டித் தண்ணீரில் சுரீரென்று தோய்த்து எடுத்துவிடுகிறார். செங்கல் துண்டால் அவ்விடத்தை இரண்டு தேய்ப்புத் தேய்த்து வெளுக்கச் செய்கிறார். அப்புறம் நடப்பதை ஒருமுறையாவது பார்க்கவேண்டும். முதுகுப்புறத்தில் தங்கிய சூடு மெல்ல மெல்ல வாயை நோக்கி இறங்க, வெளுத்த இரும்பில் முதலில் வைக்கோல் மஞ்சளும், அதன் பின்னே பழுப்பும், அதையும் துரத்திக்கொண்டு கத்தரிப்பூ நிறமும் வரிசையாக ஓடிவருகின்றன. கத்தரிப்பூ நிறம் விளிம்பைத் தொட எத்தனிக்கிற அந்தக் கணத்தில் அரிவாள் முழுதும் தொட்டிக்குள் போய்விடுகிறது. தோய்ச்சல் முடிந்தது, காந்தம் இன்னும் பித்தர் கையிலேயே இருக்கிறது.

பித்தர் தம் வீட்டில் செய்யும் தோய்ச்சலின் விதியே வேறு. எண்ணெயில் குளிர்வித்த கத்தி கண்ணாடிபோல் எளிதில் நொறுங்கும் என்பதால், அதை மறுபடி இருநூறு டிகிரிக்கு மேலாகச் சூடாக்கிப் பக்குவப்படுத்தவேண்டும். இட்லிக் குண்டானில் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் சூடு நூறைத் தாண்டாது என்ற உண்மையை ஒரு கத்தியையும் ஒரு வேளை இட்லியையும் பலிகொடுத்துக் கண்டறிந்த பிறகு, பொரி வறுக்கும் மணற்சட்டிக்கு அவர் வந்து சேர்கிறார். சட்டிக்கு உடையவர்களின் சம்மதம் பெறப்பட்டதா என்பது இவ்வாராய்ச்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பிறகு அரம், உப்புத்தாள், மெருகு. நுணா மரத்தில் பிடி, பித்தளையில் பூண், இடையில் உருக்கி ஊற்றிய அரக்கு. இவ்வளவையும் முடித்துப் பட்டுத்துணியில் சுற்றி ஆசாரியிடம் காட்டியபோது, அவர் விரல்நுனியால் வாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது சார். இன்னாத்துக்கு இது?" என்று வினவினாரேயொழிய, அதில் இகழ்ச்சி சிறிதும் இருந்ததாகத் தெரியவில்லை. பித்தர் அதற்கு இன்றுவரை விடை கூறவில்லை.

அரசாங்கத்தார் மட்டும் இவ்வினாவை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் 1962-இல் வகுக்கப்பட்ட விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டாலோ 2 அங்குலத்துக்கு மேல் அகன்றாலோ அக்கத்தி ஆயுதமாகும் என்றும், குடும்பம், விவசாயம், விஞ்ஞானம், கைத்தொழில் ஆகிய காரியங்களுக்காக அமைந்தவற்றுக்கு விலக்கு உண்டு என்றும் எழுதிவைத்தார்கள். ஆகவே முழங்கை நீளக் கொடுவாளோடு கரும்பு வெட்டப் போகிறவருக்கு ஒரு கவலையும் இல்லை. பித்தருடைய நிலைமைதான் தர்மசங்கடமானது. அந்நான்கு பிரயோஜனங்களில் ஒன்றுக்கும் தம் கத்தி உதவாது என்பதை அந்தரங்கத்தில் அறிந்தவராதலால், அவர் அலகை எட்டே முக்கால் அங்குலத்தில் நிறுத்திக்கொள்கிறார்.

துப்பாக்கி விஷயத்தில் அதே சட்டம் இன்னும் கண்டிப்பானது. உரிமம் இல்லாமல் செய்யவும் கூடாது, பழுது பார்க்கவும் கூடாது. எனவே செஞ்சிக் கோட்டைப் பீரங்கியைச் சுற்றிச்சுற்றி வந்து அதன் வாயகலத்தைச் சாணால் அளந்து பெருமூச்சு விடுவதும், தீபாவளிக்குப் பேரன் வாங்கிய ரோல் கேப்புத் துப்பாக்கியின் ஸ்பிரிங் தளர்ந்தால் பந்துமுனைப் பேனாவின் ஸ்பிரிங்கை மாற்றிப் போடுவதுமே இவர்களுடைய படைக்கல ஞானத்தின் எல்லை. பித்தர் கைவைக்கும் டார்ச்சு விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆகவேண்டும். மும்முனை மின்சாரம் நடுநிசியில் வந்தால் மோட்டார் போட வரப்பின்மேல் நடந்தாக வேண்டிய ஊரில், காலடியில் பாம்பு கிடக்கிறதா கயிறு கிடக்கிறதா என்ற வேதாந்த விசாரத்துக்கு உடனடியாக முடிவு காண உதவுவது அதுவே. பித்தர் கைபட்டவற்றுள் உண்மையாகவே பயன்படுவதும் அஃதொன்றே. அதனால்தான் அதைப் பற்றி அவர் பெருமை பேசுவதே இல்லை.

வீட்டிலே காய் நறுக்குவது அரிவாள்மணை. கத்தி ஓரிடத்தில் அசையாமல் நிற்க, காயே சென்று வெட்டுப்பட்டு வருகிற இவ்வேற்பாட்டின் மகத்துவத்தைப் பித்தர்கள் ஆராயத் தவறியது வியப்பு. மணையை ஒரு காலால் அழுத்தி உட்கார்ந்து, வாழைத்தண்டை வட்டம் வட்டமாக அரிந்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் இழுபடும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றிச் சேர்த்துக்கொண்டே, கண்ணை வாசற்பக்கம் வைத்து வருவோர் போவோரை விசாரிக்கின்ற அம்மையாருக்கு, கார்பன் எத்தனை பங்கு என்பதில் யாதொரு சிரத்தையும் இல்லை. மாங்காய்த் தோல் சீவ அவர் வைத்திருப்பது, பித்தர் கத்தி அறுக்கும்போது ஒடித்துப்போட்ட ஆக்ஸா பிளேடின் அரை துண்டு. அதற்குச் சைக்கிள் ட்யூபைச் சுற்றிப் பிடி போட்டவரும் அம்மையாரே. பித்தரின் கத்திகளோ சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன. ஆயுதபூஜை அன்று சந்தனமும் குங்குமமும் பெற்று, மற்றக் கருவிகளோடு சமமாக ஒருநாள் ஓய்வும் எடுத்துக்கொள்கின்றன.

கத்தி வெட்டுவதற்கு அன்று என்னும் இச்சித்தாந்தத்துக்கு நேர்ந்த ஒரே சோதனை, பண்ருட்டியிலிருந்து உறவினர் கொண்டுவந்து இறக்கிய பலாப்பழம். அரிவாள்மணைக்கு அது அடங்காது. "ஏங்க, அந்தப் பெரிய கத்தியத்தான் கொஞ்சம் குடுங்களேன்" என்றார் அம்மையார். பால் பட்டால் மெருகு போய்விடும் என்றார் பித்தர். எதிர்வீட்டுக்குப் பையன் ஓடினான். எதிர்வீட்டுக்காரரும் இத்துறையில் ஈடுபாடு உள்ளவராகையால், அங்கிருந்தும் அதே பதில் வந்தது. கடைசியில் பழத்தைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டுபோய், ஆசாரியின் பட்டறையிலே, விற்பனைக்கு அடித்து வைத்திருந்த கொடுவாளுக்கு நல்லெண்ணெய் தடவிப் பிளந்தார்கள். கூலியாக ஆசாரி பத்துச் சுளை எடுத்துக்கொண்டார். பித்தர் கூடவே போயிருந்தார். அந்தக் கொடுவாளின் தோய்ச்சலைப் பற்றி விளக்கமாக விசாரித்துக்கொண்டு வந்தார்.